பழைய கார்களில் மின்கம்பி மாற்றிய பின் எண்ணெய் அழுத்தமானிப் பழுதைக் கண்டறிதல்

பழைய கார் ஒன்றின் மின்கம்பிகளை முழுவதுமாக மாற்றிய பின், டேஷ்போர்டில் உள்ள எண்ணெய் அழுத்தமானியின் முள் தவறான அளவைக் காட்டுவது பரவலாகக் காணப்படும் பழுதாகும். முள் பூச்சியத்திலேயே கிடக்கலாம். உச்ச அளவைத் தாண்டி முட்டி நிற்கலாம். முகப்பு விளக்கைப் போட்டவுடன் இடம் மாறலாம். இந்நிலையில், பழுது எஞ்சினிலா அல்லது மின்சுற்றிலா என்பதே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. அழுத்தம் உண்மையாகவே குறைந்திருக்கும்போது "புதிய வயரிங்கில் ஏதோ கோளாறு" என்று எண்ணி எஞ்சினை ஓட்டினால், சிறிது நேரத்திலேயே பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் இறுகிவிடக்கூடும். அழுத்தம் சரியாக இருக்கும்போது எஞ்சினைக் கழற்றினால் வீண் செலவு.

இக்கட்டுரை 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் தயாரான, 12 வோல்ட் மின்கலத்தின் எதிர்முனை உடலோடு இணைக்கப்பட்ட கார்களை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. "அழுத்தம்" என்ற சொல் இங்கு எண்ணெயின் அழுத்தத்தை மட்டுமே குறிக்கும். மின்சாரத்தின் அழுத்தத்தைக் குறிக்க, குழப்பம் தவிர்க்க, "வோல்ட்டேஜ்" என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

## எண்ணெய் அழுத்தம்

எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை ஒரு பம்பு உறிஞ்சி, வடிகட்டி வழியாகக் கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும் மற்ற உராயும் பகுதிகளுக்கும் அனுப்புகிறது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. பேரிங்குகளின் குறுகிய இடைவெளி அதைத் தடுக்கிறது. இந்தத் தடுப்பினால்தான் அழுத்தம் உண்டாகிறது. தேய்மானத்தால் இடைவெளி அகன்றால் அழுத்தம் குறையும். எண்ணெய் சூடாகி இளகினாலும் குறையும். எனவே குளிர்ந்த எஞ்சினில் முள் உயர்ந்தும், சூடான எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது தாழ்ந்தும் நிற்பது இயல்பு. அழுத்தம் எல்லை மீறாமலிருக்க ஒரு விடுவிப்பு வால்வு உண்டு.

அமெரிக்கக் கார்களின் மானிகளில் அளவு பி.எஸ்.ஐ என்ற அலகில் இருக்கும். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பது அதன் பொருள். 14.5 பி.எஸ்.ஐ ஏறத்தாழ 1 பார் ஆகும். நிமிடத்துக்கு ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ வேண்டும் என்பது பணிமனைகளில் வழங்கும் பழைய கணக்கு. சரியான அளவை அந்தந்தக் காரின் பணிமனைக் கையேட்டில் பார்க்க வேண்டும்.

## மானியின் வகைகள்

இயந்திர மானி. எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று எண்ணெயை மானி வரை கொண்டுவருகிறது. மானியினுள் வளைந்த தட்டைக்குழாய் ஒன்று அழுத்தத்தால் சற்றே நிமிர்ந்து முள்ளை நகர்த்துகிறது. பிரான்சைச் சேர்ந்த யூஜின் போர்டான் 1849ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அமைப்பு இது. 1963–67 காலத்துக் கார்வெட் கார்களில் இவ்வகை மானி இருந்தது. இதில் மின்சாரம் வெளிச்சத்துக்கு மட்டுமே தேவை. ஆகவே மின்கம்பி மாற்றியதால் இம்மானியின் முள் தவறாது.

மின்மானி. எஞ்சினில் திருகப்பட்ட அழுத்த உணரி, அழுத்தத்துக்கு ஏற்பத் தன் மின்தடையை மாற்றுகிறது. அம்மாற்றத்தை மானி முள்ளின் நகர்வாகக் காட்டுகிறது. மெக்கானிக்குகள் இந்த உணரியை "சென்டர்" என்பார்கள். கீழே வருபவை அனைத்தும் மின்மானியைப் பற்றியவை.

## மின்சுற்று

மின்னோட்டம் செல்லும் பாதை இது: மின்கலம், சாவி, ஃபியூஸ், மானி, உணரிக்குச் செல்லும் ஒற்றைக் கம்பி, உணரி, உணரியின் உலோக உடல், எஞ்சின், எர்த் பட்டை, மீண்டும் மின்கலம். பெரும்பாலான உணரிகளில் ஒரே ஒரு முனைதான் இருக்கும். இரண்டாவது முனையின் வேலையை, எஞ்சினில் திருகப்பட்ட அதன் புரியே செய்கிறது. மின்கம்பி மாற்றுபவர் கம்பிகளையே எண்ணிக்கொண்டிருப்பார். கம்பியில்லாத இந்தப் பாதி கண்ணில் படாது. பல பழுதுகள் இந்தப் பாதியில்தான் இருக்கும்.

மானியின் அமைப்பு எல்லாக் கார்களிலும் ஒன்றல்ல. இரண்டு அமைப்புகளை அறிந்திருப்பது அவசியம்.

இருசுருள் மானி. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் காணப்படுவது. இரண்டு கம்பிச்சுருள்களின் காந்தப்புலங்களுக்கு இடையே முள் சமநிலை கொள்கிறது. உணரியின் மின்தடை, அழுத்தம் இல்லாதபோது ஏறத்தாழ 0 ஓம். உச்ச அழுத்தத்தில் சுமார் 90 ஓம். மின்தடை கூடினால் முள் ஏறும். முள் சட்டென்று நகரும். சாவியை அணைத்த பின் அது எங்கு வேண்டுமானாலும் கிடக்கலாம். அதைப் பழுதென்று கொள்ளக்கூடாது.

வெப்ப மானி. ஃபோர்டு, கிரைஸ்லர் கார்களில் காணப்படுவது. இரட்டை உலோகப் பட்டை ஒன்றின்மேல் சுற்றிய கம்பி சூடாகும்போது பட்டை வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. உணரியின் மின்தடை, அழுத்தம் குறைவாக உள்ளபோது சுமார் 73 ஓம். உச்சத்தில் சுமார் 10 ஓம். மின்தடை குறைந்தால் முள் ஏறும். முள் நிதானமாக நகரும். சாவியை அணைத்தால் கீழே இறங்கிவிடும். இம்மானிகளுக்கு 12 வோல்ட் நேரடியாகத் தரப்படுவதில்லை. ஒரு வோல்ட்டேஜ் சீராக்கி மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பி, சராசரியாக 5 வோல்ட் கிடைக்கச் செய்கிறது. அக்காலப் பிரிட்டிஷ் கார்களில் இருந்த ஸ்மித்ஸ் வெப்ப மானிகளும் இதே கொள்கையில், 10 வோல்ட் சீராக்கியுடன் இயங்கின.

கடையில் தனியாக வாங்கிப் பொருத்தும் மானிகளுக்கு வேறு அளவுகள் உண்டு. ஸ்டூவர்ட் வார்னர் வகை 240 ஓமில் தொடங்கி உச்சத்தில் 33 ஓமுக்கு இறங்கும். வி.டி.ஓ வகை 10 ஓமில் தொடங்கி சுமார் 180 ஓமுக்கு ஏறும். மானியும் உணரியும் ஒரே வகையாக இல்லாவிட்டால், கம்பி எவ்வளவு சரியாக இருந்தாலும் அளவு தவறாகவே இருக்கும்.

## ஒரே பழுது, எதிரெதிர் அடையாளம்

இரு அமைப்புகளும் எதிர்த்திசையில் இயங்குவதால், ஒரே பழுது இரண்டிலும் எதிரான முடிவைக் காட்டும்.

- உணரிக் கம்பி அறுந்தால் அல்லது கழன்றால்: இருசுருள் மானி உச்சத்துக்குப் போகும், வெப்ப மானி கீழ் எல்லையில் நிற்கும்.
- உணரிக் கம்பி எஞ்சின் உலோகத்தில் உரசி எர்த் ஆனால்: இருசுருள் மானி பூச்சியம் காட்டும், வெப்ப மானி உச்சத்துக்குப் போகும்.
- உணரியின் எர்த் தளர்ந்து மின்தடை கூடினால்: இருசுருள் மானி உள்ளதைவிட அதிகம் காட்டும், வெப்ப மானி குறைவாகக் காட்டும்.
- மானிக்கு வரும் மின்சாரம் நின்றால்: இருசுருள் மானியின் முள் கிடந்த இடத்தில் கிடக்கும், வெப்ப மானி கீழ் எல்லையில் நிற்கும்.

இப்பட்டியலில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முள் பூச்சியத்தில் கிடந்தால் எவரும் பயந்து எஞ்சினை நிறுத்திவிடுவர். ஆனால் ஒவ்வொரு வகை மானியிலும், பொய்யான நிம்மதியைத் தரும் பழுது ஒன்று இருக்கிறது. இருசுருள் மானியில் அறுந்த கம்பியும், வெப்ப மானியில் எர்த் ஆன கம்பியும் "அழுத்தம் தாராளமாக இருக்கிறது" என்றே காட்டும். எஞ்சினில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாவிட்டாலும் முள் அங்கேயே நிற்கும். ஆகவே உயர்ந்து நிற்கும் முள்ளையும், தாழ்ந்து கிடக்கும் முள்ளைப் போலவே ஐயுற வேண்டும்.

## மின்கம்பி மாற்றிய பின் எழும் பழுதுகள்

விடுபட்ட எர்த் பட்டை. எஞ்சினிலிருந்து காரின் உடலுக்குச் செல்லும் பின்னல் பட்டை, பழைய வயரிங் தொகுப்போடு கழற்றப்பட்டு மீண்டும் மாட்டப்படாமல் போகிறது. புதிதாகப் பூசிய வண்ணத்தின் மேல் பட்டையைத் திருகினாலும் இதே விளைவுதான். முகப்பு விளக்கு, வைப்பர் போன்றவற்றைப் போடும்போது எல்லா மானிகளின் முள்ளும் சேர்ந்து அசைந்தால் முதல் ஐயம் எர்த்தின் மீது விழ வேண்டும்.

உணரியின் புரியில் நாடா. எண்ணெய்க் கசிவைத் தடுக்க டெஃப்லான் நாடாவைத் தடிமனாகச் சுற்றினால், உணரியின் உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையிலான தொடர்பு குறையலாம். உணரியை எஞ்சினிலிருந்து ரப்பர் குழாய் மூலம் தள்ளி வேறிடத்தில் பொருத்தியிருந்தால், அதன் உடலிலிருந்து தனி எர்த் கம்பி இழுத்தே ஆக வேண்டும்.

உணரிக்குப் பதில் சுவிட்சு. எச்சரிக்கை விளக்குக்கான சுவிட்சும் உணரியைப் போலவே எஞ்சினில் திருகப்படுவது. அது அழுத்தம் இல்லாதபோது எர்த்தோடு இணைந்தும், சில பி.எஸ்.ஐ அழுத்தம் வந்தவுடன் துண்டித்தும் நிற்கும். அதை மானியோடு இணைத்தால் நடுவில் எந்த அளவும் கிடைக்காது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இருசுருள் மானி பூச்சியத்திலிருந்து உச்சத்துக்குத் தாவும். வெப்ப மானி உச்சத்திலிருந்து கீழே இறங்கும்.

இடம் மாறிய கம்பிகள். எண்ணெய் அழுத்தக் கம்பியும் வெப்பநிலைக் கம்பியும் எஞ்சினை நோக்கி ஒன்றாகவே செல்கின்றன. புதிய தொகுப்பின் நிறங்கள் பழையவற்றோடு ஒத்துப்போகாதபோது இவை மாறிவிடுவதுண்டு. கண்டுபிடிக்க எளிய வழி: எஞ்சினை இயக்கியதும் அழுத்தம் சில நொடிகளில் மாறும், வெப்பம் ஏறச் சில நிமிடங்கள் ஆகும். "வெப்பநிலை" முள் உடனே தாவி, "எண்ணெய்" முள் நிமிடக்கணக்கில் மெல்ல நகர்ந்தால் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன.

சீராக்கியைத் தாண்டிய இணைப்பு. ஃபோர்டு வகையில் மானிக்கு 12 வோல்ட் நேரடியாகச் சென்றால், எரிபொருள், வெப்பநிலை, எண்ணெய் ஆகிய மூன்று மானிகளும் அளவுக்கு மீறிக் காட்டும். சீராக்கியின் உடலுக்கு எர்த் கிடைக்காவிட்டாலும் அவ்வாறே நிகழும்.

சூடான இடத்தில் சென்ற கம்பி. புகைபோக்கிக் குழாயின் மீது கம்பி பட்டால் அதன் மேலுறை உருகி எர்த் ஆகும். வண்டி ஓடி எஞ்சின் அசையும்போது மட்டும் முள் துள்ளினால் இதைத் தேட வேண்டும்.

## கண்டறியும் முறை

தேவையானவை: மல்டிமீட்டர், பரிசோதனைக்கான இயந்திர அழுத்தமானி, ஒரு துண்டுக் கம்பி, 10, 22, 47 ஓம் மின்தடையங்கள். மின்தடையங்கள் 5 வாட் தாங்குபவையாக இருப்பது நல்லது. முதல் படியை எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாது.

1. உண்மையான அழுத்தத்தை அளத்தல். அளவுக் குச்சியால் எண்ணெயின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பின்னர் உணரியைக் கழற்றி, அத்துளையில் இயந்திர மானியைத் திருகி எஞ்சினை இயக்க வேண்டும். சில நொடிகளில் அழுத்தம் எழாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். அது எஞ்சின் பழுது, மின்சோதனை உதவாது. அழுத்தம் வந்தால், எஞ்சின் சூடான பின், மெதுவான ஓட்டத்திலும் 2000 சுற்றிலும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுகள் கையேட்டோடு ஒத்திருந்தால் மட்டுமே பழுது மின்சுற்றில் உள்ளது எனலாம்.

2. தனிப் பழுதா, பொதுப் பழுதா. எரிபொருள், வெப்பநிலை மானிகளும் தவறினால் அவற்றுக்குப் பொதுவான ஃபியூஸ், சீராக்கி, எர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எண்ணெய் மானி மட்டும் தவறினால் அதன் கம்பி, உணரி, மானி ஆகிய மூன்றில் ஒன்றே காரணம்.

3. மானிக்கு வரும் மின்சாரம். சாவியைத் திருப்பி, மானியின் உள்வரும் முனையில் அளக்க வேண்டும். இருசுருள் மானியில் மின்கலத்தின் வோல்ட்டேஜ் அப்படியே இருக்கும். ஃபோர்டு வகையில் சீராக்கி விட்டுவிட்டு அனுப்புவதால் மீட்டரின் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும், அது இயல்பு. தாவாமல் 12இல் நின்றால் சீராக்கி பழுது.

4. கம்பியைக் கழற்றியும் எர்த் செய்தும் பார்த்தல். எஞ்சின் நின்றிருக்க, சாவி திருப்பிய நிலையில், உணரியிலிருந்து கம்பியைக் கழற்றி முள்ளைக் கவனிக்க வேண்டும். பிறகு அதை எஞ்சினில் தொட வேண்டும். இருசுருள் மானி கழற்றியபோது உச்சமும், தொட்டபோது பூச்சியமும் காட்டினால், மானியும் கம்பியும் நலம். ஐயம் உணரியின் மீது. வெப்ப மானியில் கம்பியை நேரடியாகத் தொடவிடாமல் 10 ஓம் மின்தடையம் வழியாகத் தொட வேண்டும்; இல்லையேல் மானி கருகிவிடலாம்.

5. நடு அளவைச் சோதித்தல். இரு முனைகளிலும் சரியாகக் காட்டும் மானி நடுவில் தவறலாம். உணரிக்குப் பதிலாக இருசுருள் மானிக்கு 47 ஓமும், வெப்ப மானிக்கு 22 ஓமும் இணைத்தால் முள் ஏறத்தாழ நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், அதே மின்தடையத்தை மானியின் பின்புறத்திலேயே இணைத்துப் பார்க்கலாம். அங்கு சரியாகக் காட்டினால் பழுது இடையிலுள்ள கம்பியில்.

6. கம்பி. மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, கம்பியின் இரு முனைகளையும் விடுவித்து அளக்க வேண்டும். முனைக்கு முனை 1 ஓமுக்குக் குறைவாகவும், கம்பிக்கும் எஞ்சினுக்கும் இடையே தொடர்பே இல்லாமலும் இருக்க வேண்டும். அளக்கும்போது கம்பியை வழிநெடுக அசைத்துப் பார்க்க வேண்டும்.

7. உணரியும் அதன் எர்த்தும். உணரியை மீண்டும் எஞ்சினில் திருகி, மின்கலத்தையும் இணைத்த பின் இதைச் செய்ய வேண்டும். எஞ்சின் நின்றிருக்க, சாவி அணைந்த நிலையில், உணரியின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையிலான மின்தடையை அளக்க வேண்டும். பின்னர் அதே முனைக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். இரண்டாவது அளவு கூடுதலாக இருந்தால், அந்த வேறுபாடு எர்த் பாதையில் உள்ள தேவையற்ற மின்தடை. இரண்டும் ஒன்றாக இருந்து, அளவே அந்த வகை உணரிக்குப் பொருந்தாவிட்டால் உணரியை மாற்ற வேண்டும்.

8. சுமையின்போது எர்த். எஞ்சின் ஓட, முகப்பு விளக்குகள் எரிய, மின்கலத்தின் எதிர்முனைக்கும் மானியின் எர்த்துக்கும் இடையே வோல்ட்டேஜ் அளக்க வேண்டும். பிறகு எதிர்முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பட்டையைக் கழற்றி, வண்ணத்தைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தின் மேல் இறுக்க வேண்டும்.

## கணக்கில் ஒரு பழுது

மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஓம் விதியே இப்பழுதுகளை விளக்கப் போதுமானது. எர்த் தொடர்பில் 10 ஓம் தேவையற்ற மின்தடை சேர்ந்துவிட்டதாகக் கொள்வோம்.

ஃபோர்டு வகை மானியின் உள் மின்தடையை 12 ஓம் என வைத்துக்கொண்டால், உச்ச அழுத்தத்தில் சுற்றின் மொத்த மின்தடை 12 + 10 = 22 ஓம்; மின்னோட்டம் 5 ÷ 22 = 0.23 ஆம்பியர். எர்த் பழுதோடு மொத்தம் 32 ஓம், மின்னோட்டம் 0.16 ஆம்பியர். எஞ்சினில் அழுத்தம் குறையாமலே முள் இறங்கிவிடுகிறது.

0 முதல் 90 ஓம் வரையிலான இருசுருள் மானியில் இதே 10 ஓம், முள்ளை ஏற்றும். 60 பி.எஸ்.ஐ வரையுள்ள மானியில் அது தோராயமாக 6 அல்லது 7 பி.எஸ்.ஐ. சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது இந்த வேறுபாடு சிறியதல்ல: உண்மையில் 5 பி.எஸ்.ஐ மட்டுமே இருக்கையில் முள் 11 அல்லது 12 காட்டும். இப்பழுதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமும் இதிலேயே உள்ளது. எஞ்சினை நிறுத்திச் சாவியைத் திருப்பிய நிலையில் வைத்தால், முள் பூச்சியத்துக்கு வராமல் சற்று மேலேயே நிற்கும்.

சீராக்கியைத் தாண்டி 12 வோல்ட் சென்றால் என்னவாகும்? வெப்பம் வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்பக் கூடும். (12 ÷ 5) என்பதன் இருமடி 5.76, அதாவது மானியின் சுருள் ஏறத்தாழ ஆறு மடங்கு சூடாகும். அது விரைவில் கருகுவதில் வியப்பில்லை.

## பாதுகாப்பு

மின்தடையை அளக்கும்போது அந்தச் சுற்றில் மின்சாரம் இருக்கக்கூடாது. இருந்தால் மீட்டர் பழுதாகும், அளவும் பொய்யாகும். டேஷ்போர்டின் பின்னால் கைவைக்கும் முன் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். ஓடும் எஞ்சினில் சோதிக்கும்போது தளர்ந்த உடை, விசிறி, சூடான குழாய்கள் ஆகியவற்றில் கவனம் தேவை. இயந்திர மானியின் இணைப்பு தளர்ந்தால் சூடான எண்ணெய் பீய்ச்சியடிக்கும். மானிச் சுற்றை ஃபியூஸ் இல்லாமல் இணைப்பது தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

பழுது நீங்கிய பின்னும் ஒரே முள்ளை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. உணரி பொருந்தும் துளையில் ஒரு டி-வடிவ இணைப்பைத் திருகினால், உணரியோடு எச்சரிக்கை விளக்கின் சுவிட்சையும் சேர்த்துப் பொருத்தலாம். மானியும் விளக்கும் தனித்தனிக் கம்பிகளில் இயங்கும். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, எஞ்சின் இயங்கியதும் அணைய வேண்டும். முள் உயர்ந்திருக்க விளக்கு எரிந்தால், எதை நம்புவது என்று யோசித்துக்கொண்டு ஓட்டாமல் எஞ்சினை நிறுத்திவிட்டு, மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.